கை காட்டினால் நிற்கும் வண்டி

ஏனுங்க, அந்தச் சன்னலோரமாக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஆங், போதுமுங்க. எனக்கு வலது கைப் பக்கம் ஆளு இருந்தாத்தான் பேச்சு சரியா வருது. இப்பக் கொஞ்ச நாளா அப்படி ஆயிப்போச்சு.

கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். பொள்ளாச்சியில ஏறுனனே, பாத்திருப்பீங்க. சம்சாரம் முன்னால லேடீஸ் சீட்டுல உக்காந்திருக்கா. டிக்கெட்டு, மருந்துப் பை, தண்ணி பாட்டில் எல்லாம் அவகிட்ட. என்கிட்ட ஒண்ணும் குடுக்க மாட்டா. ஒரு பஸ்ஸையே என்கிட்டக் குடுத்துட்டு அறுவது பேரு நிம்மதியாத் தூங்கிட்டு வருவாங்க, இவ ஒரு தண்ணி பாட்டிலைக் குடுக்க மாட்டேங்கறா.

பாத்தீங்களா, பாத்தீங்களா, எப்படி பிரேக்கை மிதிக்கறாப்ல! வேகத்தடை இருக்கறது தெரியாதா? என் காலைப் பாருங்க, தானா மிதிக்குது. பஸ்ஸுல ஏறுனா இந்தக் காலு சும்மா இருக்காதுங்க. வூட்டுலயும் சும்மா இருக்கறதில்ல. சோறு திங்கறப்பகூட மிதிச்சுட்டுத்தான் இருக்குதுன்னு அம்சா சொல்றா. அம்சான்னா என் சம்சாரம், அம்சவேணி.

நானும் டிரைவருதானுங்க. வெள்ளியங்கிரின்னு பேரு. பொள்ளாச்சி வால்பாறை ரூட்டு. அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் என் தோளுக்குத் தெரியும், நான் நெனைக்கவே வேண்டாம். இன்னிக்கு மெடிக்கல் போர்டு. மூணு டாக்டருங்க உக்காந்து பாத்து, இவன் ஓட்டலாம்னு எழுதிட்டா, திங்கக்கிழமை டூட்டி. இல்லீனா டிப்போ கேட்டுல நிக்க வெச்சிருவாங்க. வர்ற வண்டிக்கும் போற வண்டிக்கும் கேட்டைத் தொறந்து விட்டுக்கிட்டு நிக்கோணும். நானுங்க! மத்தவன் மலையேறப் போறதைப் பாத்து நான் டாட்டா காட்டோணும்.

நோவு ஒண்ணும் பெருசில்லீங்க. மூளையில சின்னதா ஒரு அடைப்பு. குளிச்சுட்டிருக்கறப்ப எடது கை சொம்பை விட்டுருச்சு. ஆஸ்பத்திரியில நேரத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. இப்ப கை வந்துருச்சு, காலு வந்துருச்சு. இந்தாங்க, புடிச்சுப் பாருங்க, நல்லா அழுத்திப் புடிங்க. எப்படி? இரும்பு! கண்ணையும் ஒருக்கா பெரிய டாக்டருகிட்டக் காட்டச் சொன்னாங்க. எதுக்குங்க? கண்ணாடிக் கடையில போயி நின்னேன், கடைசி வரி பொடி எழுத்து வரைக்கும் கடகடன்னு படிச்சேன். கடைக்காரரே அசந்துட்டாரு. கண்ணாம், கண்ணு.

நோவு எனக்கில்லீங்க. இந்த அம்சாவுக்குத்தான் மறதி வந்துருச்சு. இன்னிக்குக் காலையில பாருங்க, தட்டுல இட்லி மட்டும் வெச்சிருக்கா, சட்னியே வெக்கல. எங்கடி சட்னின்னு கேட்டேன். தட்டை அப்படியே சுத்தித் திருப்பி வெச்சா. அதுல இருக்குது சட்னி. எப்ப ஊத்துனான்னே தெரியல. தெனமும் இதே கூத்து. பாதி வெப்பா, கேட்டா தட்டைத் திருப்புவா. என்ன சாஸ்திரமோ.

அதை வுடுங்க. எங்க வுட்டேன்?

ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்பறம் வூட்டுல கெடன்னுட்டாங்க. கெடக்கறதுன்னா எப்படிங்க? காலையில மலையேறி மத்தியானம் எறங்குனவன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். பீரோவை ஓரமா நவுத்துனேன், அப்பறம் பழையபடியே நவுத்துனேன். அம்சாவுக்கு சமையல் சொல்லிக் குடுத்தேன். அவ தாங்குவாளா? மகளுக்குப் போனைப் போட்டுட்டா. ஹேமா வந்தா. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறா. மாப்பிள்ளை ஜெர்மனி போயிட்டாப்ல, அவரு கேம் ஆடற கம்ப்யூட்டரு சும்மா கெடந்துச்சாம். தூக்கிட்டு வந்து எங்க டிவியில மாட்டி, ஜாய்ஸ்டிக்குன்னு ஒண்ணைக் கையில குடுத்தா.

"அப்பா, இது ஓப்பன் வேர்ல்டு கேமுங்கப்பா. பெரிய ஊரு. எங்க வேணா போலாம், என்ன வேணா பண்ணலாம். யாரும் கேக்க மாட்டாங்க"ன்னா.

நானும் சந்தோசமா உக்காந்தேன். நெசமாவே பெரிய ஊருதாங்க. கடலு, பாலம், வானத்தைத் தொடற கட்டடம், அந்தாண்ட மலை. எல்லாம் இருக்குது. எனக்கு ஒரு ஆளைக் குடுத்திருந்தாங்க, முண்டா பனியன் போட்ட தடிப்பயல். அவனுக்கு யாரோ ஒருத்தன் ஓயாம போன் பண்றான். இங்க வா, அவனைச் சுடு, அங்க போ, இதைத் திருடு. நான் எதுக்குடா அவனைச் சுடோணும், அவன் என்னடா பண்ணுனான்? போனை எடுக்கறதையே வுட்டுட்டேன். நடந்தேன். ஓடுனேன். கடல்ல நீஞ்சுனேன். ஒரு மாடிமேல ஏறி நின்னேன். ஏறி நின்னு? அவ்வளவுதான். எறங்கோணும்.

சலிச்சுப் போச்சுங்க. வூட்டுல இருந்ததைவிட அந்த ஊருல சலிப்பு சாஸ்தி. ஹேமாவுக்குப் போனைப் போட்டு, "கண்ணு, இதைக் கொண்டுட்டுப் போயிரு, என்ன பண்றதுன்னே தெரியல"ன்னேன். "உங்களுக்கு எது புடிக்குமோ அதைப் பண்ணுங்கப்பா"ங்கறா. எனக்கு எது புடிக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்? வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து ரூட்டு குடுத்தாங்க, ஓட்டுனேன். எங்க வேணா போலாம்னா, எங்க போறதுங்க?

அப்பறம் ஒரு நாளு, அந்தத் தடிப்பயலைச் சும்மா ரோட்டோரமா நடத்திக்கிட்டிருக்கேன். ஒரு பஸ்ஸு நிக்குது. ஆளில்லாம. கதவு தொறந்தபடி. அந்த ஊருல வண்டியில இருக்கறவனை இழுத்துப் போட்டுட்டுத்தான் ஏறுவாங்க. எனக்கு அது ஆவாதுங்க, அவனும் ஒரு டிரைவரு. ஆனா இது சும்மா நின்னுச்சு. ஏறி உக்காந்தேன்.

ஏறி உக்காந்தப்பறம்ங்க... என்ன சொல்றது. முதுகு நேராச்சு.

ரூட்டு நானே போட்டுக்கிட்டேன். கடலோரம் பொள்ளாச்சி. பாலம் தாண்டுனா ஆழியாறு. மலை ஏறுற எடம் அட்டகட்டி. மேல ஒரு பெட்ரோல் பங்கு இருக்குது, அது ரொட்டிக்கடை. மலை உச்சி வால்பாறை. செவப்பு விழுந்தா நிப்பேன். பின்னால அந்த ஊருக்காரனெல்லாம் ஹாரன் அடிப்பான், திட்டுவான். அடிச்சுக்கோ. ஸ்டாப்பு ஸ்டாப்பா நிப்பாட்டி, கதவைத் தொறந்து வெச்சு, எண்ணிட்டு எடுப்பேன். அங்க நிக்கறவங்க ஏற மாட்டாங்க, பொம்மைங்கதானே, வெறிச்சுப் பாப்பாங்க. ஏறாட்டிப் போறாங்க. நிப்பாட்டறது என் வேலை.

அம்சாவுக்கும் சிரிப்பு வந்துருச்சு. சமையக்கட்டுல இருந்து "போலாம் ரை...ட்"டுன்னு குரல் குடுப்பா. ஒரு நாளு குக்கர் ரெண்டு விசில் அடிச்சுது, நான் பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டேன். அவ சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்கப்பறம் அவ சிரிச்சது அன்னிக்குத்தான்.

இந்தாளு எதுக்கு இங்க நிப்பாட்டறாப்ல? கெணத்துக்கடவுங்களா? ஆளே இல்லையேங்க ஸ்டாப்புல... அட, இத்தனை பேரு எங்கிருந்து ஏறுனாங்க? சரி சரி. யாருங்க அது, எடதுபக்கம் பையை வெச்சு இடிக்கறது? கூட்டம்னா இடிக்கத்தான் செய்யும். உங்களைச் சொல்லல, நீங்க சௌரியமா இருங்க.

ஒரே ஒரு குறைங்க அந்த ஆட்டத்துல. வண்டி இடிச்சுக்கும். நான் என் பாட்டுக்கு நேராப் போயிட்டிருப்பேன், எங்கிருந்தோ ஒருத்தன் முளைச்சு வந்து எடது பக்கமா மோதுவான். ஒரு தடவையில்ல, ரெண்டு தடவையில்ல. அதுக்குக் காரணம் இருக்குதுங்க. அது வெளிநாடு. அங்க வலது பக்கமாப் போகோணும், எதுக்க வர்றவன் எடது பக்கம் வருவான். நமக்கு அது பழக்கமா? வாழ்நாள் பூரா எடது பக்கமா ஓட்டுன கை. ஹேமாகிட்டச் சொன்னேன். அம்சா போனைப் பிடுங்கி, வாசலுக்குப் போயி, ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசுனா. பொம்பளைங்களுக்கு ஒரு ஆட்டத்தைப் பத்திப் பேச இவ்வளவு என்ன இருக்குதோ.

அந்த ஞாயித்துக்கிழமை ஹேமா வந்தா. "அப்பா, யாரோ நம்மூர்க்காரங்க இந்த கேமுக்குன்னே நம்ம ரோட்டை உருவாக்கி நெட்டுல போட்டிருக்காங்கப்பா. நம்ம பஸ்ஸு, எடது பக்கம் ஓட்டலாம். ஸ்டாப்புல ஆளுங்க கை காட்டுவாங்க, நிப்பாட்டுனா நெசமாவே ஏறுவாங்க"ன்னு சொல்லி என்னமோ தட்டிக் குடுத்தா.

இங்க ஒண்ணு சொல்லோணும் நானு. இல்லீனா உங்களுக்குப் புரியாது.

என் வண்டிக்கு டிப்போவுல ஒரு பேரு உண்டுங்க. கை காட்டுனா நிக்கற வண்டின்னு. கிண்டலுக்குத்தான் வெச்சானுங்க. ஸ்டாப்பு இருக்கோ இல்லையோ, மழையில, மூட்டத்துல, எஸ்டேட் பொம்பளைங்க ரோட்டோரம் நிப்பாங்க. ஒரு பஸ்ஸை வுட்டா அடுத்ததுக்கு எவ்வளவு நேரமோ. காட்டு மாடு திரியற ரோடு. ஒருக்கா ரொட்டிக்கடை ஊருகிட்ட, கொட்டற மழையில ஒரு பொண்ணு, கைப்புள்ளையைத் துண்டுல பொதிஞ்சுக்கிட்டு, வெரலை மட்டும் நீட்டுச்சு. கையை முழுசாத் தூக்கக்கூட அதுக்குத் தெம்பில்ல. அந்த வெரலைப் பாத்து நிப்பாட்டுனேன். லேட்டுன்னு மெமோ குடுத்தாங்க. குடுக்கட்டும். கை காட்டுன ஆளை நான் வுட்டுட்டுப் போனதில்லீங்க. ஒருத்தரைக்கூட. நான் என்ன பெரிய மனுசன், எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்.

சரி. அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

ரோடு நம்ம ரோடு மாதிரியேதாங்க. வலது கைப் பக்கம் ஸ்டீரிங்கு. புளியமரங்கூட வெச்சிருந்தாங்க. ஆசையா எடுத்தேன். மொத ஸ்டாப்பு, ஆளில்ல. ரெண்டாவது, ஆளில்ல. சரி, ஊருக்குள்ள போனா இருப்பாங்கன்னு ஓட்டறேன். ஒருத்தருங்கூட இல்ல. மலையடிவாரம் வரைக்கும் காலி வண்டி. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "என்ன கண்ணு இது, ஆளே இல்லாத ஊருக்கு பஸ்ஸு எதுக்கு? அந்த வெளிநாட்டுலயாச்சும் பொம்மைங்க நின்னுச்சு. இது அதைவிட சலிப்பா இருக்குது"ன்னு ஜாய்ஸ்டிக்கைத் தூக்கிக் கட்டில்ல வீசிட்டேன்.

அம்சா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டா. ஹேமா எந்திரிச்சு டிவிகிட்டப் போனா. டிவியோட ஓரத்துல, எடது ஓரத்துல, வெரலை வெச்சா.

"அப்பா, இங்க பாருங்க."

பாத்தேன். கூடை வெச்சுக்கிட்டு ஒரு பொம்பளை நிக்குது. கையைத் தூக்கிக்கிட்டு.

"அட, இது எப்ப வந்துச்சு?"ன்னேன்.

"மொதல்ல இருந்தே நிக்கறாங்கப்பா. எல்லா ஸ்டாப்புலயும் நின்னாங்க. எல்லாரும் கை காட்டுனாங்க. நீங்க போயிட்டே இருந்தீங்க."

நான் ஒத்துக்குவனா? சண்டை போட்டேன். டிவி சரியில்லைன்னேன். வெளிச்சம் படுதுன்னேன். ஓரத்துல ஆளை நிக்க வெச்சா யாருக்குடி தெரியும்னு சத்தம் போட்டேன். அவ நான் உக்காந்திருந்த நாற்காலியை என்னோட சேத்தித் திருப்புனா. டிவி எனக்கு நேரா இல்லாம, வலது கைப் பக்கமா வர்ற மாதிரி. "இப்ப ஓட்டுங்கப்பா"ன்னா.

ஏனுங்க, எப்படிச் சொல்வேன் உங்களுக்கு! ஊரு ரொம்பிருச்சுங்க. அத்தனை ஸ்டாப்புலயும் ஆளு. வேட்டி கட்டுனவங்க, பை வெச்சவங்க, யூனிஃபார்ம் போட்ட புள்ளைங்க. எல்லாரும் கையைத் தூக்கறாங்க. நிப்பாட்டறேன், ஏறுறாங்க. நிப்பாட்டறேன், ஏறுறாங்க. அன்னிக்கு மத்தியானம் பூரா ஓட்டுனேன். சோத்துக்குக்கூட எந்திரிக்கல. அம்சா "போலாம் ரைட்டு" சொல்லல, நானே சொல்லிக்கிட்டேன். இவ்வளவு சந்தோசமா எதையும் பண்ணி எத்தனை நாளாச்சுன்னு நெனைச்சேன். ஆட்டத்துல ஒரு குத்தமும் இல்லீங்க. நாற்காலி போட்ட எடம் தப்பு. அவ்வளவுதான் விசயம்.

அதைத்தான் ஹேமாகிட்டச் சொன்னேன். "பாத்தியா கண்ணு, நாற்காலிதான் கோளாறு"ன்னு.

அவ என் முன்னால மண்டி போட்டு உக்காந்தா. என் எடது கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. "அப்பா, பஸ்ஸுல டிரைவர் சீட்டைத் திருப்பிப் போட முடியுங்களா?"ன்னு கேட்டா.

இவ்வளவுதான் கேட்டா. சத்தம் போடல, அழுவல. கேட்டுட்டு ஊருக்குப் போயிட்டா.

அன்னிக்கிருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. என்ன கேள்வி இது? படிச்ச புள்ளை கேக்கற கேள்வியா? பொம்மை வேற, ரோடு வேற. டிவிங்கறது தட்டையா இருக்கறது. ரோட்டுல ஆளு வந்தா எனக்கு ஒடம்பே சொல்லும். அப்பறம் ஜாய்ஸ்டிக்கை நான் தொடல. தொட்டா... வேண்டாம்னு வுட்டுட்டேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கறதுதான் மறுபடியும். எங்க வூட்டு வாசப்படியில எடது தோளை இடிச்சுக்கறேன், அது அந்தக் கதவை ஆசாரி சின்னதா வெச்சுட்டான். இத்தனை வருசமா ஏன் இடிக்கலைன்னு கேக்காதீங்க. அம்சா கேட்டுட்டா.

அம்சா பண்ற வேலையும் இருக்குதே. போர்டுல நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீங்களே பாத்துக்குங்கன்னுட்டா. சொன்னா நான் டிப்போ கேட்டுல நிக்கோணும்னு அவளுக்குத் தெரியும். சொல்லாட்டியும்... என்னமோ. நேத்து அந்த ரொட்டிக்கடை பொண்ணைப் பத்திக் கேக்கறா, அந்தக் கைப்புள்ளைக்காரி. "அவ எந்தப் பக்கம் நின்னுட்டிருந்தாளுங்க?"ன்னு. எந்தப் பக்கம் நிப்பா? நம்ம ஊருல எடது பக்கந்தானே நிப்பாங்க. தெரிஞ்சே கேக்கறா பாருங்க.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன். டாக்டருங்க மூணு பேரும் மேசைக்கு அந்தாண்ட உக்காந்திருப்பாங்க. நான் போனதும் நாற்காலியைக் கொஞ்சமா, கொஞ்சூண்டுதான், எடது பக்கமாத் திருப்பிப் போட்டுக்குவேன். மூணு பேரும் வலது கைப் பக்கமா வந்துருவாங்க. எந்த வெரலை ஆட்டுனாலும் எனக்குத் தெரியும். கேட்டா முதுகு வலின்னு சொல்லிக்கலாம். டிரைவருக்கு முதுகு வலி இல்லாம இருக்குமா? நம்புவாங்க. திங்கக்கிழமை நான் மலையில இருப்பேன். என்ன, தப்புங்களா? நீங்களும் அம்சா மாதிரியே பாக்கறீங்க.

உக்கடம் வந்துருச்சுங்களா? பேச்சுல தெரியல. பாருங்க, எறங்கறவங்களுக்கு வழி வுடாம ஏறுறாங்க. எங்க என் சம்சாரம்? லேடீஸ் சீட்டுல காணமே. எறங்கிட்டாளா? என்னை வுட்டுட்டு எறங்க மாட்டாளே. அம்சா! ஏ, அம்சா!

என்னங்க? எங்க கையைக் காட்டறீங்க? இந்தப் பக்கமா? எடது பக்கமா?

அட.

ஏம் புள்ள, எப்ப வந்து நின்னே?

கெணத்துக்கடவுலயா? அங்கிருந்து நின்னுக்கிட்டேவா வந்தே? சீட்டை யாருக்கோ குடுத்துட்டு இங்க வந்து... அப்ப பையை வெச்சு இடிச்சது நீதானா. தண்ணி குடுக்க வந்தியா. மாத்திரை நேரமா. எல்லாத்தையும் கேட்டுட்டியா, நாற்காலிக் கதையையும்? வந்தவ ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமில்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?

என்ன சொல்றே? சத்தமாச் சொல்லு.

கையைக் காட்டிக்கிட்டேதான் நின்னியா.

ஏனுங்க, நீங்க பாத்தீங்களா? அவ கை காட்டுனாளா? எனக்கு நேராவா? சொல்லுங்க, பரவால்ல. ரெண்டு மூணு தடவையா?

ம்.

சரிங்க. நீங்க எறங்குங்க, உங்களுக்கு நேரமாச்சு. நான் எந்திரிச்சுக்கறேன். அம்சா, பையை நீயே வெச்சுக்க, கையை மட்டும் குடு. இந்தப் பக்கம் வா, வலது பக்கம். ஆங், இப்பத் தெரியறே. அழுவாத புள்ள, பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க. அந்த டாக்டருங்ககிட்ட நீ ஒண்ணும் பேச வேண்டாம், நானே சொல்லிர்றேன். நாற்காலி போட்டது போட்டபடியே இருக்கட்டும்.